டிஸ்க்கை நகர்த்தவா, டேட்டாவை நகர்த்தவா? வாசகர் கேள்வி – பதில்

வீட்டுச் சர்வரை மாற்றப் போகிறேன், டிஸ்க்கை அப்படியே கழற்றிப் புதியதில் போடலாமா என்று நீலகிரி மலையின் நாலா பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்று சொன்னதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்தான்.

கேள்வி: சின்ன ஸ்டுடியோ நடத்துகிறோம். நான்கு டிஸ்க் போடும் சினாலஜி பெட்டி (நாஸ், அதாவது நெட்வொர்க் வழியாக எல்லோரும் பயன்படுத்தும் ஸ்டோரேஜ்), உள்ளே நான்கு 4 டிபி டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி சேர்த்துக் கட்டியது). கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் சேர்ந்து 7 டிபி ஆகிவிட்டது. மகன் ஒரு கம்ப்யூட்டரில், அதை நாஸாக்கும் ட்ரூநாஸ் மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறான். பழைய பெட்டியிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்காகக் கழற்றி அதில் போட்டுக்கொண்டே போனால் வேலை நிற்காமல் மாறிவிடலாம் என்கிறான். முகூர்த்த சீசன், எடிட்டிங் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. செய்யலாமா?
(வாசகி, குன்னூர்)

பதில்: வேண்டாம். முதலில் தம்பி கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வையுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க்கை உருவினாலும் பெட்டி ஓடும். அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்திருக்கும். ஆனால் உருவிய அந்த டிஸ்க்கில் முழுசாக ஒரு வீடியோகூட இருக்காது. ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாக நான்கு டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கும், இடையிடையே பாரிட்டி என்கிற கணக்கும் கலந்திருக்கும். ட்ரூநாஸுக்கு அது புரியாத ஏதோ ஒரு டிஸ்க், அவ்வளவுதான். அதை வைத்துப் புதிய பூல் (டிஸ்க் தொகுப்பு) உருவாக்கச் சொன்னால் சந்தோஷமாகத் துடைத்துவிட்டு உருவாக்கும். இந்தப் பக்கம் பழைய பெட்டி மூன்று டிஸ்க்கோடு பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். நான்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருப்பீர்கள், நான்குக்கும் ஒரே வயது. மீதி மூன்றில் ஒன்று மக்கர் செய்தால் போதும், 7 டிபியும் போச்சு. இரண்டாவது டிஸ்க்கைத் தம்பியே உருவினால் அதே கதிதான், டிஸ்க் கெட்டுப்போகும் வரை காத்திருக்கக்கூட வேண்டாம்.

டிஸ்க்குகளைக் கட்டிவைக்கும் முறை இரண்டு பெட்டியிலும் ஒன்றாக இருந்தால் டிஸ்க்கை நகர்த்தலாம். வேறாக இருந்தால் டேட்டாவைத்தான் நகர்த்த வேண்டும். சினாலஜிக்குள் ஓடுவது லினக்ஸ், டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுவது லினக்ஸின் எம்டி ரெய்டு, அதன் மேலே ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையாக எக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ். ட்ரூநாஸில் அடியிலிருந்து நுனிவரை, இரண்டு வேலையையும் தானே செய்யும் இசட்எஃப்எஸ். உங்களுக்கு இரண்டாவது வழிதான்.

அதற்குச் செலவு உண்டு. 12 டிபி டிஸ்க் இரண்டு வாங்கிப் புதிய சர்வரில் மிரர் (இரண்டிலும் ஒரே நகல்) போடுங்கள். வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை, டிஸ்க் மாற்றி ரெய்டைத் திரும்பக் கட்டும் நேரத்தில் நத்தை மாதிரி ஊரும். நாஸுக்கென்றே விற்ற சில மாடல்களில் அதைச் சொல்லாமல் வைத்திருந்தது தெரிந்து 2020-இல் பெரிய சண்டையே நடந்தது.

அப்புறம் ஆர்சிங்க், ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல்களை நகலெடுக்கும் கருவி. முதல் சுற்றைப் பழைய பெட்டியில் எடிட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே ஓட விடலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை, கொஞ்சம் மெதுவாகத் தெரியும், அவ்வளவுதான். ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவுக்குப் போகும் என்று வைத்தால் 7 டிபிக்குக் கிட்டத்தட்ட 18 மணி நேரம். போட்டோக்கள் சின்னச் சின்ன ஃபைலாக நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். ஆரம்பிக்கும் முன் இரண்டு மெஷினும் எதில் செருகியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ரவுட்டரின் லேன் போர்ட் 100 மெகாபிட் வகையாக இருந்தால் நொடிக்கு 11 எம்பிதான், அதே வேலைக்கு ஏழு நாள் தாண்டிவிடும். அப்படியென்றால் ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி இரண்டையும் அதில் செருகுங்கள். வைஃபை பேச்சே வேண்டாம்.

ஆர்சிங்க்கில் இரண்டு இடத்தில் கவனம். சோர்ஸ் ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கும். இல்லாவிட்டால் ஃபோல்டரையே தூக்கிக்கொண்டு போய் உள்ளே இன்னொரு ஃபோல்டராக வைக்கும். முதல் சுற்றில் சாய்கோடு போட்டுவிட்டு இரண்டாவது சுற்றில் விட்டுவிட்டால் 7 டிபியும் முதலிலிருந்து மறுபடி ஓடும். இன்னொன்று, டிலீட் என்கிற ஆப்ஷன். பழைய பெட்டி ஏதோ காரணத்தால் மவுன்ட் ஆகாமல் (இணையாமல்) காலியாகத் தெரிகிற நேரத்தில் அதைப் போட்டால், சோர்ஸில் ஒன்றுமில்லை, சரி இங்கேயும் ஒன்றும் வேண்டாம் என்று புதிய சர்வரில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். டிரை ரன் போட்டு என்ன செய்யப் போகிறது என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

முதல் சுற்று முடிந்ததும், எடிட்டிங்கை நிறுத்தும் ஒரு ராத்திரியில் பழைய பெட்டியின் ஷேரை (பகிர்ந்திருக்கும் ஃபோல்டரை) படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு இன்னொரு சுற்று. இப்போது மாறிய ஃபைல்கள் மட்டும்தான் போகும், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும். நேரம் இருந்தால் செக்சம் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபைலையும் முழுசாகப் படித்து ஒப்பிடும், மணிக்கணக்கில் ஆகும், ஆனால் மனசு நிம்மதி.

பிறகு பழைய பெட்டிக்கு வேறு ஐபி எண் கொடுத்துவிட்டு, அதன் பழைய எண்ணையும் பெயரையும் புதிய சர்வருக்குக் கொடுங்கள். ஷேரின் பெயரும் எழுத்து மாறாமல் அதேதான் இருக்க வேண்டும். எடிட்டிங் கம்ப்யூட்டரில் இசட் டிரைவ் என்று இருந்தது காலையிலும் இசட் டிரைவாகவே இருந்தால், பாதியில் விட்ட கல்யாணத்தைத் திறக்கும்போது டைம்லைன் முழுக்கச் சிவப்பாக மீடியா ஆஃப்லைன் என்று நிற்காது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் எடிட்டருக்குச் சர்வர் மாறியதே தெரியாது.

பழைய நான்கு டிஸ்க்கையும் எப்போது கழற்றலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். என்னைக் கேட்டால் கழற்றவே வேண்டாம். பெட்டியோடு அப்படியே பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அதே கட்டிடத்தில் வேண்டாம், வேறு சரிவில் வீடு இருக்கிற உறவுக்காரர் யாராவது இருந்தால் அங்கே. 2009 நவம்பரில் நம் பக்கம் மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு டிஸ்க் வாங்கப் பணம் இல்லை, இருக்கும் டிஸ்க்குகளை வைத்தே ஒப்பேற்ற வேண்டும் என்றால் அதற்கும் வித்தைகள் உண்டு. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 முதல், ஓடுகிற ரெய்டு-இசட் (இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு) தொகுப்பில் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்த்து விரிவாக்க முடியும். ஆனால் அதைத் தொடங்கவே சில காலி டிஸ்க் வேண்டும், உங்கள் 7 டிபி அதற்குள் எங்கே உட்காரும்? சீசன் முடிந்து, எல்லாவற்றுக்கும் தனி நகல் ஒன்று இருந்தால் தம்பி ஆசைதீர விளையாடட்டும்.

கேள்வி: அப்பா எடுத்த பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை (நிறைய இந்து பிலிம்) ஸ்கேன் செய்து, யார் எங்கே எப்போது என்று தமிழிலேயே நீளமாகப் பெயர் வைத்திருக்கிறேன். புதிய நாஸுக்குக் காப்பி போட்டபோது சில ஃபைல்கள் பெயர் நீளம் என்று நின்றுவிட்டன, விண்டோஸில் அதே பெயர் ஒழுங்காக இருந்தது. பழைய மேக்கிலிருந்து வந்த சில ஃபோல்டர்கள் இரண்டு இரண்டாகத் தெரிகின்றன, இரண்டுக்கும் ஒரே பெயர். எதை அழிப்பது?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். தமிழ் மாதிரி ஆங்கிலம் அல்லாத மொழிகளில் பெயர் வைக்கிறவர்களுக்கு வரும் தொல்லை இது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் தேடினாலும் சட்டென்று கிடைக்காது.

நீளத்தை முதலில் பார்ப்போம். எக்ஸ்டி4, இசட்எஃப்எஸ் போன்றவற்றில் வழக்கமாக ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் வரும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள், கோத்தகிரி என்பதில் ஒன்பது குறிகள், 27 பைட். ஆக மொத்தம் 85 குறிகள் வரைதான் போகலாம். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் வேறு கணக்கில் 255 வைத்திருப்பதால் அங்கே தாராளமாக இருந்த பெயர் இங்கே இடிக்கிறது. சினாலஜியில் ஷேர்டு ஃபோல்டரை என்க்ரிப்ட் செய்து வைத்திருந்தால் இன்னும் நெருக்கடி, 143 பைட்தான், தமிழில் 47 குறி. ஆகவே மாற்றும் முன்பே நீளமான பெயர்களைத் தேடிச் சுருக்கிவிடுங்கள். விவரத்தை அதே ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகப் போடலாம், அல்லது படத்துக்குள்ளேயே குறிப்பாக ஏற்றலாம். எனக்குப் பிடித்தது டெக்ஸ்ட் ஃபைல், எந்தக் காலத்திலும் எந்த மெஷினிலும் திறக்கும்.

இரட்டை ஃபோல்டர் வேறு கதை. கோ என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்து வைக்கும், விண்டோஸும் லினக்ஸும் நீங்கள் தட்டியபடியே சேர்த்து வைக்கும். பைட் வேறாக இருப்பதால் சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் உள்ள பெயர்களில் மட்டும்தான் இது வரும். உங்கள் பட்டியலைப் பாருங்கள், குன்னூரும் ஊட்டியும் ஒன்றாகவே இருக்கும், கோத்தகிரியும் தொட்டபெட்டாவும் இரட்டையாக நிற்கும்.

பெயர்களைச் சேர்த்த வடிவத்துக்கு மாற்ற லினக்ஸில் கான்வ்எம்வி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. சும்மா ஓட்டினால் என்ன மாற்றப் போகிறது என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும், தனியாகச் சொன்னால்தான் உண்மையில் மாற்றும், இந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். இரட்டையாக இருப்பவற்றில் ஒன்றைத் தற்காலிகமாக வேறு பெயருக்கு மாற்றி, உள்ளே இருப்பவற்றை ஒப்பிட்டு, பிறகு ஒன்றாக்குங்கள். இனிமேல் மேக்கிலிருந்து அனுப்பும்போது ஆர்சிங்க்கின் 3-ஆம் பதிப்பிலோ அதற்கு மேலோ ஐகான்வ் ஆப்ஷனைப் பயன்படுத்தினால் வழியிலேயே சேர்த்துவிடும். இசட்எஃப்எஸ் என்றால் இந்த இரண்டு வடிவத்தையும் ஒரே பெயராகப் பார்க்க நார்மலைசேஷன் என்ற அமைப்பு உண்டு, அதை டேட்டாசெட் (பூலுக்குள் பிரிக்கும் தனிப் பகுதி) உருவாக்கும் நேரத்தில்தான் வைக்க முடியும், பின்னால் மாற்ற இயலாது.

நெகட்டிவ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் சார். நம் ஊட்டி இந்து நகரில் செய்த பிலிம், எந்த டிஸ்க்கை விடவும் அதிக நாள் இருக்கும்.

கேள்வி: ஹோம்ஸ்டே கணக்கு, வந்தவர்கள் எடுத்த படம், குடும்பப் படம் எல்லாம் இரண்டு டிஸ்க் சினாலஜியில். நான்கு டிஸ்க் போடும் சினாலஜி வாங்கியிருக்கிறேன். இங்கேயும் காப்பி அடித்துக்கொண்டு உட்கார வேண்டுமா?
(வாசகர், ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்)

பதில்: உங்களுக்கு அதிர்ஷ்டம், டிஸ்க்கையே நகர்த்தலாம். உங்கள் இரண்டு மாடலுக்கும் இடையே அது முடியுமா என்று நிறுவனத்தின் பட்டியலில் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்டி கேஷ் (வேகத்துக்காகச் சேர்க்கும் எஸ்எஸ்டி) போட்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம்மைப் பழைய பெட்டியில் புதுப்பித்து, செட்டிங்கை ஒரு ஃபைலாக வெளியே எடுத்து வைத்து, முறையாக ஷட் டவுன். டிஸ்க் தட்டை உருவும்போதே அதன் நெற்றியில் காகித டேப் ஒட்டி 1, 2 என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள், புதியதில் அதே வரிசையில் போட வேண்டும். புதிய பெட்டி காலியாக, கரண்ட் இல்லாமல் இருக்கும்போதே செருகி, அப்புறம் ஆன் செய்தால் பிரவுசரில் மைக்ரேட் செய்யட்டுமா என்று கேட்கும், டேட்டாவையும் பெரும்பாலான செட்டிங்கையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் அழிக்கப்படும் என்று எச்சரிக்கை வந்தால் நீங்கள் தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள், அங்கேயே நிறுத்திப் பெட்டியை அணையுங்கள்.

அந்தச் சமயத்தில் யாராலும் எதையும் பார்க்க முடியாது. கணக்கு அவசரமாகத் தேவைப்படும் என்றால் முந்தின நாளே முக்கியமான ஃபோல்டர்களை ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் எடுத்து ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் செருகி வையுங்கள். மாற்றம் சொதப்பினாலும் அதுதான் கை கொடுக்கும். முடிந்தபின் சில செயலிகள் தங்களைப் பழுது பார்க்கச் சொல்லும், சொன்னபடி செய்யுங்கள். காலியாக இருக்கும் இரண்டு இடத்திலும் புது டிஸ்க் போட அவசரப்படாதீர்கள், எல்லாம் நலம் என்று ஸ்டோரேஜ் மேனேஜர் பச்சை காட்டிய பிறகு ஒவ்வொன்றாக. விரிவாக்கம் நடக்கும்போது ஃபைல்களைப் பார்க்கலாம், எழுதலாம், கரண்ட் மட்டும் போகக் கூடாது. யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கேபிளால் பெட்டியோடு இணைத்துவிட்டால் பேட்டரி தீரும் முன் அதுவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். மரம் விழுந்து ஒயர் அறுந்தால் நம் ஊரில் எத்தனை மணிக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: நானே கட்டிய லினக்ஸ் சர்வர், மூன்று டிஸ்க், எம்டி ரெய்டு 5. மதர்போர்டு போய்விட்டது. எந்த டிஸ்க் எந்தப் போர்ட்டில் இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. எல்லாம் போய்விட்டதா?
(வாசகர், கூடலூர்)

பதில்: ஒன்றும் போகவில்லை. யார் எந்தத் தொகுப்பு, எத்தனையாவது ஆள் என்ற விவரம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக்காக எழுதியிருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் எந்தப் போர்ட்டில் வேண்டுமானாலும் செருகுங்கள். எம்டி ரெய்டைக் கையாளும் எம்டிஆட்ம் கருவியில் எக்ஸாமின் சொல்லி மூன்றையும் பாருங்கள், ஈவன்ட் எண்ணிக்கை (தொகுப்பில் நடந்த மாற்றங்களின் கணக்கு) மூன்றிலும் ஒன்றாக இருந்தால் நல்லது. பிறகு அசெம்பிள் (இருக்கும் தொகுப்பைத் திரும்பச் சேர்ப்பது), முதல் முறை படிக்க மட்டும். பழைய பெயரில் வராமல் எம்டி127 என்று எழுந்து நின்றால் பயப்படாதீர்கள், ஹோஸ்ட் பெயர் மாறியதால் அப்படி. மவுன்ட் வரிகளில் டிஸ்க் பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) எழுதியிருந்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றே ஒன்று. அசெம்பிள் வேலை செய்யவில்லை என்று யாராவது கிரியேட் (தொகுப்பைப் புதிதாக உருவாக்குவது) போட்டுப் பார் என்று சொன்னால் கேட்காதீர்கள். வரிசை தெரியாமல் கிரியேட் போட்டால் அந்த சூப்பர்பிளாக் மேலேயே புதியது எழுதப்படும், இப்போது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒரே குறிப்பும் போய்விடும்.

இதெல்லாம் மென்பொருள் ரெய்டுக்குத்தான். தனி ரெய்டு கார்டு வைத்துக் கட்டியவர்கள் பெரும்பாலும் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். வீட்டுக்கு அந்தக் கார்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து டிஸ்க்குகளை பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். கொண்டை ஊசி வளைவில் குலுங்கி ஏதாவது ஆகுமா? இவ்வளவு உயரத்தில் ஹார்ட் டிஸ்க் ஓடுமா?
(வாசகி, மஞ்சூர்)

பதில்: அணைத்த டிஸ்க்கில் ஹெட் ஓரமாகப் போய் நின்றுவிடும், பஸ் குலுக்கலுக்கெல்லாம் அது அசராது. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைத் தட்டுவதுதான் ஆபத்து. நுரை வைத்த பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே லக்கேஜில் வேண்டாம். உயரத்துக்கு வந்தால், சாதாரண டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர் வரை அனுமதி. ஊட்டியே 2,240 தான், தொட்டபெட்டா உச்சிகூட 2,637. காற்று அடர்த்தி குறைவு என்பதால் ஃபேன் கொஞ்சம் குறைவாகக் குளிர்விக்கும், நம் குளிருக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஈரம்தான் நம் எதிரி. பனிக்காலத்தில் ராத்திரி முழுக்க ஜீப்பில் கிடந்த டிஸ்க்கைக் காலையில் சமையல் ஆவி நிறைந்த வீட்டுக்குள் கொண்டுவந்து பையைப் பிரித்தால், உலோக மூடி மேலும் அடியில் இருக்கும் பச்சைச் சர்க்யூட் போர்டு மேலும் முத்து முத்தாக வியர்ப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், சில மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்து அறைச் சூட்டுக்கு வந்திருந்தால் பிரித்துச் செருகுங்கள்.

கேள்வி: யூஎஸ்பி எக்ஸ்டர்னல் டிஸ்க்கை உடைத்து உள்ளே இருந்த டிஸ்க்கை சர்வரில் போட்டேன். சுழலவே இல்லை. யூஎஸ்பி பெட்டியில் போட்டால் ஓடுகிறது!
(வாசகர், அருவங்காடு)

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. சாட்டா பவர் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்தே இரு என்று எடுத்துக்கொள்ளும் வகை அது, உங்கள் பவர் சப்ளை அந்த வோல்ட்டை அனுப்புகிறது. டிஸ்க் பக்கத்தில் அந்தப் பின்னை கேப்டன் டேப்பால் (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்) மறையுங்கள், முதல் மூன்றையும் சேர்த்து மறைத்தாலும் பரவாயில்லை, வேலை சுலபம். டேப் ஒட்டுவது பிடிக்காவிட்டால் மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் பவர் இணைப்பு) சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போடலாம், அதில் 3.3 வோல்ட் வராது. ஆனால் ஒயரை பிளாஸ்டிக்கோடு வார்த்து ஒட்டிய மலிவு வகை வேண்டாம், உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பதில் பெயர் வாங்கியது அது. ஒயர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிரிம்ப் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி பெட்டியில் இருந்தபோது ஏற்றிய டேட்டா சர்வரில் தெரியாமல் போகலாம், சில பெட்டிகள் தாமாகவே என்க்ரிப்ட் செய்யும், சில செக்டர் அளவை மாற்றிக் காட்டும். டேப் ஒட்டும் முன்பே அதில் இருப்பதை வேறு எங்காவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.